பிளேனர் திக்னஸர் வாங்கிவிட்டீர்களா? ஸ்பேனரை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள வீட்டு கராஜ்தான் என் பட்டறை. பலகை இழைக்கும் இயந்திரமான பத்து அங்குல பிளேனர் திக்னஸர் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தேன். சாமி அறைக்கு ஒரு மாடம் செய்ய வேண்டும், புரட்டாசிக்குள் முடித்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். முடிந்தது தைக் காவடிக்கு. இடையில் போன நான்கு மாதத்தில் மரவேலை பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதி நாளெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டினேன்.

இழைத்து எடுத்த ஒவ்வொரு பலகையிலும் கடைசி இரண்டு அங்குலம் பள்ளமாக வந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருகினேன். பள்ளம் போகவில்லை. கூடவே பலகை முறுக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, எதையாவது அளந்து பார்த்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. அன்று அவர் ஒரு மரக்குச்சியை வைத்து ஐந்து நிமிடத்தில் கோளாறைக் காட்டினார். பின்பக்க மேடை கத்தியைவிடக் கால் மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை. மற்ற கோளாறுகள் எல்லாம் நானே உண்டாக்கியவை.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒன்றை அளந்து, எழுதி வைத்து, சரிசெய்து, மறுபடி அளந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்பக்கம் பிளேனர், பலகையின் ஒரு முகத்தைச் சமதளமாக்குவது அதன் வேலை. கீழ்ப்பக்கம் திக்னஸர், அந்த முகத்தை ஆதாரமாக வைத்து மறுமுகத்தை ஒரே கனத்துக்குக் கொண்டுவருவது. பலகையை ஊட்டும் பக்கத்து மேடையை முன்மேடை என்றும், வெளியே வரும் பக்கத்தைப் பின்மேடை என்றும் சொல்கிறேன். கத்திகள் மாட்டியிருக்கும் சுழலும் உருளைதான் கட்டர் பிளாக்.

1. காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்

கடையில் புதிதாக வாங்கினால் டாக்ஸ் இன்வாய்ஸ் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பா, மாற்றுப் பொருளா, பணமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கடைக்காரர் பழுதுபார்த்துக் கொடுத்தால் அந்த வேலைக்கு மூன்று மாத உத்தரவாதமும் உண்டு. ஆனால் இது தொழிலாக விற்பவர்களுக்குத்தான் பொருந்தும். என்னைப் போல ஒரு தனிநபரிடம் பழையதாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்படி வாங்கும்போது விற்றவர் பெயர், தேதி, விலை, சீரியல் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சீரியல் தகட்டைப் போட்டோ எடுத்து வைத்தால் வீட்டு இன்சூரன்ஸுக்கும் உதவும், உதிரிப்பாகம் கேட்கும்போதும் உதவும்.

மேனுவல் இல்லாவிட்டால் முதல் வேலையாக அதைத் தேடி எடுங்கள். கத்தி பிளாக்கை விட்டு எவ்வளவு வெளியே நீட்டலாம், சாணை பிடித்துத் தேய்ந்த கத்தியை எந்த அகலத்தில் தூக்கிப் போட வேண்டும் என்ற இரண்டு எண்களும் அதில்தான் இருக்கும். இவற்றை ஊகித்து வேலை செய்யக் கூடாது.

2. மின்சாரம்

2.2 கிலோவாட் மோட்டார் 230 வோல்ட்டில் பத்து ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். நம் ஊர் 16 ஆம்பியர் மூன்று முனை பிளக் போதும். ஆனால் புல் வெட்டும் இயந்திரத்துக்கு வைத்திருக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் போதாது. 2.5 சதுர மி.மீ. வயர் வாங்குங்கள். ரீலில் சுற்றியபடியே பயன்படுத்தினால் வயர் சூடாகி உருகும், முழுதாகப் பிரித்துப் போடுங்கள்.

கராஜுக்குத் தனி சர்க்யூட் இழுப்பதாக இருந்தால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து இழுத்து, அந்த வேலை விதிப்படி செய்யப்பட்டது என்று காட்டும் சிஓசி சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். வீட்டை விற்கும் நாளில் அது இல்லாமல் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. லோட் ஷெடிங் முன்பு போல இல்லைதான், ஆனாலும் கரண்ட் போய் வருவது நின்றுவிடவில்லை. கரண்ட் போனபோது ஓடிக்கொண்டிருந்த இயந்திரம், கரண்ட் வந்ததும் தானாக ஓடக் கூடாது. மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓட வேண்டும். உங்களுடையது எப்படி என்று சோதியுங்கள்: ஓடும்போது சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, முழுதாக நின்ற பிறகு மறுபடி போடுங்கள். தானாக ஓடினால் இயந்திரத்தின் சுவிட்சை மாற்றும்வரை அதைத் தொடாதீர்கள். பழைய இயந்திரங்களில் யாராவது சுவிட்சை மாற்றிச் சாதாரண சுவிட்ச் போட்டிருப்பார்கள். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது.

இனிமேல் வரும் ஒவ்வொரு படியிலும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேடைமேல் வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். சுவிட்சை அணைத்தது போதாது.

3. வாங்க வேண்டியவை

நான் தேவையில்லாமல் டயல் கேஜ் வாங்கி 900 ராண்ட் செலவழித்தேன். அது இல்லாமலே வேலை நடக்கும். உண்மையில் தேவைப்பட்டவை: நேரான விளிம்புள்ள ஒரு மீட்டர் அலுமினிய மட்டக்கோல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒரு கட்டு, வெர்னியர் காலிப்பர், நல்ல மூலைமட்டம், ஆலன் கீ செட், மெல்லிய தோல் கையுறை. எனக்கு எல்லாம் சேர்த்து 1,100 ராண்ட் ஆனது. விலை கடைக்குக் கடை மாறும். மட்டக்கோல் வாங்கும்போது கடையிலேயே இரண்டு கோல்களை விளிம்போடு விளிம்பு வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் ஏதோ ஒன்று கோணல். மூன்றாவதை எடுத்து ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

4. துடைப்பு, துரு

டர்பன் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை ஈரம், அதோடு கடல் உப்பு. வார்ப்பிரும்பு மேடையில் வேர்த்த கையை வைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில் ஐந்து விரலும் துருவாகத் தெரியும்.

துருவை 400 நம்பர் உப்புத்தாளால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து எடுத்து, டர்பன்டைனால் துடைத்து, காய்ந்த பிறகு நிறமில்லாத மெழுகுப் பசை பூசித் துணியால் மெருகேற்றுங்கள். வராந்தா தரைக்குப் போடும் சிவப்பு பாலிஷும் மெழுகுதானே என்று நான் அதைப் பூசினேன். அதன்பிறகு இழைத்த பைன் பலகையெல்லாம் ரோஜா நிறத்தில் வந்தது. சிலிக்கான் ஸ்ப்ரேயும் வேண்டாம். மரத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு வார்னிஷ் பிடிக்காது.

மூடி வைக்கப் பிளாஸ்டிக் தாள் போடாதீர்கள், உள்ளே ஈரம் சேரும். பழைய பருத்திப் படுக்கைவிரிப்பு போதும். ஈரச் சீவலை மேடைமேல் விட்டுவிட்டுப் போவதும் துருவுக்கு நாமே வைக்கும் விருந்து.

5. கத்தி

முதலில் உங்கள் கத்தி எந்த வகை என்று பாருங்கள். இரண்டு பக்கமும் முனையுள்ள மெல்லிய கத்தி, சிறு ஊசிகளில் தானாகப் பொருந்தி உட்காரும் வகை என்றால் அதிர்ஷ்டசாலி. முனை மழுங்கினால் திருப்பிப் போடுங்கள், அப்புறம் புதிது வாங்குங்கள், நேராக 6-ஆம் படிக்குப் போய்விடலாம். சாணை பிடிக்கும் வகை என்றால்தான் பொறுமை வேண்டும்.

மழுங்கியதா என்று எப்படித் தெரியும்? சத்தம் கனமாகிவிடும், சீவலுக்குப் பதில் தூள் வரும், கணுவைச் சுற்றி மரம் பிய்ந்துகொண்டு வரும். பலகை முழுவதும் நீளவாக்கில் ஒரே இடத்தில் மெல்லிய கோடு வந்தால் அது மழுங்கல் அல்ல, கத்தியில் பல் விழுந்திருக்கிறது. சின்னப் பல் என்றால் சாணைக்கு ஓட வேண்டாம். ஒரு கத்தியை ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி மாட்டினால் கோடு மறைந்துவிடும்.

கழற்றும்போது தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓடும்போது மட்டும் கையுறையே கூடாது. கத்தியை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்புப் பட்டையின் திருகுகளைத் தளர்த்தி, கத்தி, பட்டை, பள்ளம் மூன்றையும் டர்பன்டைனில் நனைத்த பழைய பல் தேய்க்கும் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். பள்ளத்தில் பிசினோ ஒரு துளி தூளோ இருந்தால் கத்தி சரியாக உட்காராது. இதைச் செய்யாமல் எத்தனை முறை அளந்தாலும் வீண்.

சாணைக்குக் கொடுக்கும்போது எல்லாக் கத்திகளையும் சேர்த்தே கொடுங்கள். ஒன்றை மட்டும் தேய்த்தால் எடை மாறி பிளாக் அதிரும். திரும்பி வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே எடை காட்ட வேண்டும். நான் ஒரு ஜோடிக்கு 220 ராண்ட் கொடுத்தேன், நான்கு நாளில் கிடைத்தது. ஆனால் இரண்டாவது முறை டிசம்பர் 14-ஆம் தேதி கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த ஊரில் டிசம்பர் நடுவில் பட்டறைகள் மூடினால் ஜனவரியில்தான் திறக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு மாதம் கத்தியில்லாமல் இயந்திரம் சும்மா நின்றது. ஒரு உபரி ஜோடி வாங்கி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் 15 சதவீத வாட் வரியும், கூரியர்காரர்களின் சுங்கக் கட்டணமும் சேரும். விலையை மட்டும் பார்த்து ஆசைப்படாதீர்கள்.

மாட்டும்போது ஆப்புத் திருகுகளை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஓர் ஓரத்தை முதலிலேயே முழுதாக இறுக்கினால் மறு ஓரத்தில் கத்தி மேலே எழும்பும். எல்லாக் கத்தியையும் லேசாக இறுக்கிவிட்டு அளந்து, பிறகு கடைசி இறுக்கம். கடைசியில் ஒவ்வொரு திருகையும் விரலால் தொட்டு எண்ணிப் பாருங்கள். ஓடும்போது ஒரு கத்தி கழன்றால் அது உங்கள் வயிற்று உயரத்தில்தான் வரும்.

6. பின்மேடையும் கத்தியும்

நான் நான்கு மாதம் தொலைத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பின்மேடையின் உயரமும், கத்தி முனை சுற்றும் வட்டத்தின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கத்தி உயர்ந்திருந்தால், பலகையின் வால் முன்மேடையை விட்டு விலகும் கணத்தில் பலகை கீழே இறங்கும், வால் பக்கம் பள்ளம் விழும். கத்தி தாழ்ந்திருந்தால், பலகையின் மூக்கு பின்மேடை விளிம்பில் முட்டி நிற்கும், அல்லது தூக்கிக்கொண்டு ஏறி, போகப்போக வெட்டே விழாது.

சோதிப்பது எப்படி என்றால், 30 செ.மீ. நீளத்தில் நேரான, காய்ந்த மரக்குச்சி ஒன்று எடுங்கள். அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு, அதிலிருந்து 3 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. குச்சியைப் பின்மேடையில் வைத்து, நுனி கட்டர் பிளாக்கின் மேல் நீட்டியிருக்கும்படி, நுனிக்கு அருகிலுள்ள முதல் கோடு மேடை விளிம்புக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். பெல்ட்டைப் பிடித்து பிளாக்கை, அது ஓடும் திசையிலேயே மெதுவாகக் கையால் சுற்றுங்கள். கத்தி குச்சியைத் தொட்டு முன்மேடைப் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். இரண்டாவது கோடு விளிம்புக்கு வந்து நின்றால் சரி.

குச்சி நகரவே இல்லையென்றால் கத்தி தாழ்வு. அதிகம் நகர்ந்தால் உயர்வு. வெட்டு வட்டம் 60 மி.மீ. விட்டம் என்றால், 3 மி.மீ. நகர்வுக்குக் கத்தி 0.04 மி.மீ. மட்டுமே உயர்ந்திருக்கிறது என்று கணக்கு. அதாவது கண்ணால் பார்க்க முடியாததைக் குச்சி பெரிதாக்கிக் காட்டுகிறது. என் இயந்திரத்தில் அன்று குச்சி 8 மி.மீ. ஓடியது. கால் மில்லிமீட்டர் என்று மாமா சொன்னது அதை வைத்துத்தான்.

இதை ஒவ்வொரு கத்திக்கும் இடது, நடு, வலது என மூன்று இடத்தில் செய்து எழுதுங்கள். இரண்டு கத்தி என்றால் ஆறு எண்கள். அந்த ஆறையும் பார்த்தால் கோளாறு தானே பேசும். ஒரு கத்தியின் மூன்று எண்ணும் அதிகம், மற்றதன் மூன்றும் சரி என்றால் அந்த ஒரு கத்தி உயரம். இரண்டு கத்தியிலும் இடது அதிகம், வலது குறைவு என்றால் மேடை சாய்ந்திருக்கிறது அல்லது இரண்டையும் ஒரே தவறோடு மாட்டியிருக்கிறீர்கள். ஆறும் ஒரே மாதிரி அதிகம் என்றால் கத்திகளைத் தொடவே வேண்டாம், பின்மேடையை உயர்த்தினால் போதும். சில சிறிய இயந்திரங்களில் பின்மேடை அசையாது. அவற்றில் கத்தியைத்தான் மேடைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

ஒரு கத்தி மட்டும் துளி உயர்ந்திருந்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். பிளாக் நிமிடத்துக்கு 6,500 சுற்று, இரண்டு கத்தி, திக்னஸர் பலகையை நிமிடத்துக்கு 5 மீட்டர் இழுக்கிறது என்று வையுங்கள். இரண்டும் வெட்டினால் சுமார் 0.4 மி.மீ.க்கு ஒரு வெட்டு. ஒன்றுதான் வெட்டுகிறது என்றால் 0.8 மி.மீ.க்கு ஒன்று. பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அலை அலையாகத் தெரியும். வார்னிஷ் போட்ட பிறகு இன்னும் நன்றாகத் தெரியும்!

7. முன்மேடையும் வேலியும்

மட்டக்கோலைப் பின்மேடையில் வைத்து முன்மேடைக்கு மேல் நீட்டுங்கள். முன்மேடையை ஏற்றிக் கோலைத் தொடவிட்டு, நான்கு மூலையிலும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. தாள் நுழையாவிட்டால் நல்லது. முன்மேடையின் வெளி ஓரம் தொங்கியிருந்தால் பலகை நடுவில் குழிந்து வரும். தூக்கியிருந்தால் நடுவில் புடைக்கும். சரிசெய்யும் இடம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு, மேனுவலைப் பாருங்கள். 0.1-க்குள் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான் 0.08-ஐச் சரிசெய்யப் போய் 0.3 ஆக்கினேன்.

வேலியை, அதாவது பலகையின் பக்கத்தை அணைத்து ஓட்டும் நிமிர்ந்த தடுப்பை, மூலைமட்டத்தால் 90 பாகைக்கு வையுங்கள், கத்திக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓரத்தில் அல்ல. அளவுகோலில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

8. கீழே, திக்னஸர் பக்கம்

ஒரே கனமுள்ள இரண்டு சட்டங்களை எடுத்து, ஒன்றை மேடையின் இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் ஒரே உயரத்தில் ஓட்டுங்கள். காலிப்பரில் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் போதும். அதிகமென்றால் முதலில் மேடைக்கு அடியில் சீவல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் காரணம் அதுதான்.

உருளைகளில் பிசின் படிந்தால் பலகை நடுவில் நின்றுவிடும், கத்தி அந்த இடத்தையே தேய்த்துக் கருக்கிவிடும். ரப்பர் உருளையை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள்; டர்பன்டைன் ரப்பரைக் கெடுக்கும். பலகை பின்னால் பாயாமல் தடுக்கும் பல் வரிசையில் ஒவ்வொரு பல்லும் விரலால் தூக்கிவிட்டால் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். அதற்கு எண்ணெய் போடாதீர்கள். தூள் ஒட்டிப் பசையாகி அப்படியே நின்றுவிடும், அதன் பிறகு பலகை பாய்ந்தால் தடுக்க ஒன்றும் இல்லை. மேடையை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டுக்கும் உலர்ந்த மசகுதான், சங்கிலிக்கும் அதே. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மி.மீ. அளவுக்கு அமுங்குவது சரியான இறுக்கம்.

மேலே எல்லாம் சரி, ஆனாலும் திக்னஸரில் மட்டும் முனைப்பள்ளம் வருகிறதா? மேடைப் பூட்டை இறுக்க மறந்திருப்பீர்கள், அல்லது நீளப் பலகையின் வால் காற்றில் தொங்குகிறது. வெளியே வரும் பக்கம் ஒரு தாங்கி வையுங்கள். ஒரு ஓட்டத்துக்கு 1 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். 30 செ.மீ.க்குக் குறைந்த துண்டை உள்ளே விடவே விடாதீர்கள், இரண்டு உருளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு குதிக்கும்.

9. எப்போது எதைச் செய்வது

முதல்முறை முழுதாகச் செய்ய ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போகும். பழகிய பிறகு ஒரு மாலை போதும். நான் இப்போது வருடத்துக்கு இரண்டு முறை முழுச் சோதனை செய்கிறேன்: புரட்டாசி பிறக்கும் முன், ஈரக் காற்று தொடங்குவதற்குள் ஒன்று, தைக் காவடி முடிந்ததும் இன்னொன்று. குச்சிச் சோதனை மட்டும் கத்தியைத் தொட்ட ஒவ்வொரு முறையும். மெழுகு மாதம் ஒருமுறை. கத்திகளை நவம்பர் முடிவதற்குள் சாணைக்கு அனுப்பிவிடுவது.

எந்த மரத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். பைனில் பிசின் அதிகம், உருளையை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். சலிக்னா யூக்கலிப்டஸ் இனம், கத்தியைச் சீக்கிரம் மழுக்கும். கியாட் நம் வேங்கைக்கு உறவுக்கார மரம், இழைக்க இதமானது, ஆனால் தூள் மூக்கை அரிக்கும், முகக்கவசம் இல்லாமல் வேண்டாம். என் கத்தியில் பல் விழுந்ததெல்லாம் இடித்த வீட்டிலிருந்து வந்த ஆரிகன் பைன் தரைப்பலகையால்தான். விலை மலிவு, நிறம் அருமை, உள்ளே பாதி உடைந்த ஆணி. 250 ராண்டுக்கு ஒரு கைப்பிடி மெட்டல் டிடெக்டர் வாங்கிய பிறகு, மாடத்தின் கடைசிப் பலகையில் மட்டும் ஏழு ஆணி எடுத்தேன்.